பழைய ஃபைபர் போட்டுக்கு மறு பெயிண்ட்: மூன்று வருஷம் கழித்து எது நிற்கிறது, எது உரிகிறது

படகின் பக்கவாட்டில் உரிந்து தொங்கும் பெயிண்ட்டில் ஒரு சில்லைப் பிய்த்து, அதன் முதுகைத் திருப்பிப் பாருங்கள். முகம் சொல்லாததை முதுகு சொல்லும். முதுகு கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தால், ஜெல்கோட்டை, அதாவது ஃபைபரின் வழவழப்பான மேல்பூச்சை, தேய்க்காமலே மேலே அடித்திருக்கிறார்கள். விரலில் மாவு ஒட்டினால், வெயிலில் பொடிந்துபோன பழைய பெயிண்ட்டின் மேலேயே புதுசு ஏறியிருக்கிறது. நூல்நூலாகக் கண்ணாடியிழை சேர்ந்து வந்தால் கோளாறு பெயிண்ட்டில் இல்லை, கீழே உள்ள மேட் என்ற கண்ணாடியிழை விரிப்பில். ஈரமும் புளிச்ச வாடையும் இருந்தால் தண்ணீர் இழைகளைப் பிணைக்கும் ரெசினுக்குள்ளேயே இறங்கிவிட்டது. சில்லின் ஓரத்தைச் சாய்த்துப் பிடித்தால் நீலம், வெள்ளை, பச்சை, மறுபடி நீலம் என்று அந்தப் படகின் வருஷக் கணக்கே அடுக்காகத் தெரியும்.

இங்கே சொல்வது கடற்கரை மணலில் ஏற்றி இறக்கும் 28 அடி ஃபைபர் போட்டுக்கு. பல ஊர்களில் மாருதி வள்ளம் என்பார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்த படகுகளில் இன்றும் ஓடிக்கொண்டிருப்பவை 20 வயதைத் தொட்டுவிட்டன. அவசரத்தில் வார்த்தவை பலவற்றில் ஜெல்கோட் மெல்லிசாகவும் மேட் அடுக்கு சீரில்லாமலும் இருக்கும். இப்படிப்பட்ட படகின் உடம்பில் சிந்தெட்டிக் எனாமல், எபாக்ஸி, இரண்டு டப்பா பியூ (பெயிண்ட்டும் அதை இறுக்கும் ஹார்டனரும் தனித்தனி டப்பாவில் வரும் பாலியூரிதேன்), மறு ஜெல்கோட் ஆகிய நான்கும் எப்படி வயசாகின்றன என்பதுதான் விஷயம். துறைமுகத்தில் மாதக்கணக்கில் தண்ணீரிலேயே கிடக்கும் படகுக்குக் கணக்கு வேறு. அது கடைசிப் பக்கம் கொஞ்சம் வரும்.

வருஷா வருஷம் எனாமல் அடிக்கும் வழக்கத்தை முதலில் எடைபோட்டுப் பார்க்கலாம். வெளியும் உள்ளும் சேர்த்து சுமார் 40 சதுர மீட்டர். ஒரு கோட்டு எனாமல் காய்ந்தபின் 30 மைக்ரான் என்று வைத்தால், வருஷத்துக்கு இரண்டு கோட்டில் கிட்டத்தட்ட 3 கிலோ ஏறுகிறது. பத்து வருஷத்தில் 30 கிலோ. ஒரு ஐஸ் பெட்டி எடை சும்மா சேர்ந்துவிடுகிறது. எடையை விட மோசம் தடிமன்: 600 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டருக்கு மேல். எனாமல் வயசாக ஆக இறுகி நொறுங்கும் ஜாதி. அலையில் படகு வளையும், பெயிண்ட் வளையாது. அதனால்தான் பழைய படகில் புது எனாமல் உரியும்போது ஒரு கோட்டு மட்டும் உரிவதில்லை, மொத்த அடுக்கும் பத்தை பத்தையாக வருகிறது.

நான்கும் வயசாகும் விதம்

எனாமல் முதல் மூன்று மாதம் நன்றாகத்தான் இருக்கும். ஆறாம் மாதம் வாக்கில் மேல்தளத்தில் விரலை இழுத்தால் மாவு வரும். வருஷம் முடிவதற்குள் வலை இழுக்கும் பக்கத்து விளிம்பில் வெறும் ஃபைபர் தெரிய ஆரம்பிக்கும். உள்ளே அடியில் டீசலும் மீன் ரத்தமும் உப்புத் தண்ணீரும் கலந்து நிற்கும் இடத்தில் அது கெட்டியாகவே இருப்பதில்லை. நகத்தால் கீறினால் மெழுகு மாதிரி சுருண்டு வரும். எனாமலுக்கு இருக்கும் ஒரே நல்ல பெயர், எந்தக் கடையிலும் கிடைக்கும், யாரும் அடிக்கலாம் என்பது.

எபாக்ஸி பிடிப்பதில் ராஜா, வெயிலில் பூஞ்சை. எபாக்ஸியையே மேல்கோட்டாக விட்டால் இரண்டு மூன்று மாதத்தில் பளபளப்பு போய் வெளுத்து மாவாகும். ஆனால் மாவானது மேல்தோல் மட்டும்தான்; கீழே இருப்பது கழன்று வராது. வெயில் படாத உள்ளறை, தளப்பலகைக்கு அடி, மீன் அறை இங்கெல்லாம் மூன்று வருஷம் கழித்தும் கழுவினால் புதுசு மாதிரி இருக்கும். இந்த இடங்களுக்கு பியூ வாங்கிக் காசைக் கரைக்க வேண்டியதில்லை.

பியூ எபாக்ஸி பிரைமரின் மேல் ஏறினால்தான் பியூ. நேரே ஜெல்கோட்டில் அடித்தால் அதுவும் எனாமல் மாதிரியே தோல் உரியும், என்ன, கொஞ்சம் தாமதமாக. முறையாக ஏறிய வெள்ளை அல்லது இளநீல பியூ முதல் வருஷம் கழுவினாலே மின்னும். இரண்டாம் வருஷம் மேல்தளத்தில் மட்டும் மங்கல். மூன்றாம் வருஷம் பக்கவாட்டிலும் லேசாக மாவு, ஆனால் உரிதல் இல்லை. டயர் உரசும் இடமும் நங்கூரக் கயிறு ஓடும் அணியத்து (படகின் முன்முனை) ஓரமும் இதற்கு விதிவிலக்கு. அங்கே எந்தப் பெயிண்ட்டும் நிற்காது.

நிறத்தில் ஒரு எச்சரிக்கை. அடர் நீலமும் சிவப்பும் மதிய வெயிலில் கை வைக்க முடியாத அளவு சுடும். அந்தச் சூட்டில் பழைய ரெசின் மேலும் சுருங்கி, மேட்டின் நெசவு பெயிண்ட்டுக்கு மேலே வரிவரியாகத் தெரிய ஆரம்பிக்கும். சிவப்பு ரோஸாக வெளுப்பதும் சீக்கிரம் நடக்கும். நிறத்தை மாற்றுவதற்கு முன் மீன்வளத்துறையின் நிற விதியையும் கேட்டுக்கொள்வது நல்லது. அடித்து முடித்தபின் கேட்டால் இரட்டைச் செலவு.

மறு ஜெல்கோட் அடிப்பகுதிக்கு மட்டும் உகந்தது. அரை மில்லிமீட்டர் தடிமனுக்கு ஒரு கிலோ சுமார் 1.6 சதுர மீட்டர் போகும். அச்சில் வார்க்காமல் வெளியே பிரஷ்ஷால் அடிக்கும் ஜெல்கோட்டின் மேல்பரப்பு காற்று பட்டால் இறுகாது, பிசுபிசுக்கும். கடைசிக் கோட்டில் மெழுகுக் கரைசல் கலந்தால்தான் காயும். பிறகு அந்த மெழுகையும் தேய்த்து எடுக்க வேண்டும். பக்கவாட்டில் இதைச் செய்து ஆரஞ்சுத் தோல் மாதிரி மேடு பள்ளம் வாங்குவதை விட பியூ எவ்வளவோ மேல்.

வாங்குவதற்கு முன்

28 அடிப் படகின் வெளிப்பக்கம் ஏறக்குறைய 20 சதுர மீட்டர். அடிவயிற்றைக் குறுக்காக ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை கயிறு வைத்து அளந்து, அதை நீளத்தால் பெருக்கி, அணியமும் பின்பக்கமும் குறுகுவதற்காக முக்கால் பங்கு எடுத்தால் போதும். எபாக்ஸி பிரைமர் ரோலரில் லிட்டருக்கு 8 சதுர மீட்டர் என்று வையுங்கள்: இரண்டு கோட்டுக்கு 5 லிட்டர். பியூ இரண்டு கோட்டுக்கு நாலரை முதல் 5 லிட்டர். டப்பாவில் எழுதியிருக்கும் பரப்பளவு கண்ணாடித் தட்டில் அளந்த மாதிரி இருக்கும்; தேய்த்த பழைய ஃபைபர் அதை விட நிறையக் குடிக்கும்.

கடையில் இரண்டு பொருளைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். ஒன்று, ரெட் ஆக்சைடு பிரைமர். அது இரும்புத் துருவுக்கு. ஃபைபர் துருப்பிடிக்காது, அதன் மேல் ரெட் ஆக்சைடு இன்னொரு பலவீனமான எனாமல் அடுக்கு, அவ்வளவுதான். இரண்டாவது, கார் பட்டறையில் பயன்படும் பட்டி. அதில் பாதி சுண்ணத்தூள் மாதிரியான மாவு; ஈரத்தை உறிஞ்சும். நீர்மட்டத்துக்குக் கீழே அந்தப் பட்டி வைத்த இடம் ஒரு மழைக்காலத்தில் வட்டமாக ஊதி நிற்கும். எபாக்ஸி ரெசினில் சிலிக்கா பவுடரைக் கலந்து கொழுக்கட்டை மாவுப் பதத்தில் எடுத்துக்கொண்டால் பட்டி தேவையே இல்லை.

தின்னரிலும் சிக்கனம் பார்க்கக்கூடாது. என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னரில் ஆல்கஹால் வகைகள் இருக்கும். பியூ ஹார்டனர் ரெசினோடு சேர வேண்டியது, ஆல்கஹாலோடு போய்ச் சேர்ந்துவிடும். அப்புறம் பத்து நாள் ஆனாலும் பெயிண்ட் நகம் பதியும் அளவுக்கு மெத்தென்று இருக்கும். "பெயிண்ட் மட்டம், காயவே இல்லை" என்ற புகார்களில் ஒரு பங்கு இந்தத் தின்னர் கோளாறு. இன்னொரு பங்கு ஹார்டனரைக் கண்மட்டத்தில் ஊற்றியது. அளவுக் கோப்பை வாங்குங்கள். எபாக்ஸியில் ஹார்டனரைக் கூட்டினால் சீக்கிரம் இறுகும் என்பது தப்பு. மிஞ்சிய ஹார்டனர் இறுகாமல் உள்ளேயே நிற்கும்.

மெழுகு, உப்பு, ஈரம்

முழு வேலையில் பாதிக்கு மேல் நேரம் இங்கேதான் போக வேண்டும். அச்சிலிருந்து படகு கழன்று வருவதற்காக வார்க்கும்போதே மெழுகு தடவுவார்கள். அது 20 வருஷம் கழித்தும், பெயிண்ட் மூடியிருந்த இடங்களில் மிச்சம் இருக்கும். அதோடு டீசல் கசிவு, மீன் எண்ணெய். இவை இருக்கும்போதே உப்புத்தாள் போட்டால், தேய்க்கிற ஒவ்வொரு கீறலுக்குள்ளும் மெழுகைத் திணிக்கிறோம் என்று அர்த்தம். ஆகவே வரிசை மாறக்கூடாது: முதலில் சோப்புத்தூளும் நல்ல தண்ணீரும், பிறகு தின்னர் துணி, அதற்கப்புறம்தான் உப்புத்தாள்.

தின்னர் துடைப்பதில் ஒரு சின்ன நுணுக்கம். இரண்டு துணி வேண்டும். ஒன்று நனைந்தது, மெழுகைக் கரைக்க. மற்றது உலர்ந்தது, கரைந்த மெழுகை ஈரம் ஆவியாகும் முன் எடுத்துவிட. ஒரே துணியால் துடைத்துக்கொண்டே போனால் மெழுகு இடம் மாறுகிறதே தவிரப் போகிறதில்லை. ஒரு கை எட்டும் அளவுக்கு மேல் ஒரு தடவையில் எடுக்காதீர்கள். முடிந்ததும் ஒரு குவளை தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் விரித்த துணி மாதிரி பரவி நின்றால் சுத்தம். தாமரை இலையில் போல முத்துமுத்தாக உருண்டால் இன்னும் மெழுகு இருக்கிறது.

பழையது எனாமலா என்று தெரியாவிட்டால், தின்னரில் நனைத்த துணியை ஒரு இடத்தில் பத்து நிமிஷம் ஒட்டி வையுங்கள். எனாமல் சுருங்கிக் கோழித்தோல் ஆகும். இரண்டு டப்பா பெயிண்ட் அசையாது. எனாமல் என்றால் முழுவதும் எடுத்தாக வேண்டும், ஏனென்றால் பியூவின் தின்னரும் அதையேதான் செய்யும். எடுப்பதற்கு அகலமான ஸ்கிரேப்பரும் 60 அல்லது 80 நம்பர் உப்புத்தாளும் போதும். பெயிண்ட் ரிமூவர் ஜெல்கோட்டையும் தின்னும். கம்பி பிரஷ் உடைந்த இரும்புத் துணுக்குகளை விட்டுப்போகும், பத்து நாளில் துருப் புள்ளி. கிரைண்டரில் கல் வட்டு போட்டுக் குழி பறித்துவிட்டு, அந்தக் குழியை அடைக்க இரண்டு நாள் செலவழிப்பதும் அடிக்கடி நடக்கிற கூத்து.

பெயிண்ட் போனபின் உளியின் மரப்பிடியால் உடம்பு முழுக்கத் தட்டிக்கொண்டு வாருங்கள். கணீர் என்ற சத்தம் நல்லது. சொத சொத என்று செத்த சத்தம் வந்தால் அங்கே மேட் அடுக்குகள் பிரிந்திருக்கின்றன. பென்சிலால் வட்டம் போடுங்கள். என்ஜின் உட்காரும் இடத்தைக் கூடுதலாகத் தட்டுங்கள். உள்ளே பிளைவுட் இருந்தால், போல்ட் ஓட்டை வழியாகத் தண்ணீர் போய் மக்கியிருக்க வாய்ப்பு அதிகம். மேலே எவ்வளவு நல்ல பெயிண்ட் போட்டாலும் மக்கிய பலகை என்ஜின் அதிர்வில் அதை உடைத்துவிடும்.

ஈரத்துக்குச் சோதனை சுலபம். ஒரு அடிக்கு ஒரு அடி பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் முத்து முத்தாக வியர்த்தால் இன்னும் காயவில்லை. கரையில் ஏறும் படகு தினமும் காய்வதால் கொப்புளம் அதற்கு அபூர்வம். ஆனால் மிதவைக்காக அடைத்த நுரை தண்ணீர் குடித்த படகு, வெளியே காய்ந்த மாதிரி தெரிந்தும் உள்ளிருந்து வாரக்கணக்கில் கசியும். முன்னை விடப் படகு கனமாக இருக்கிறது என்று இழுப்பவர்கள் சொன்னால் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஏரா: பெயிண்ட் நிற்காத இடம்

மணலில் இழுபடும் படகின் ஏராக்கட்டை, அதாவது அடிமுதுகுப் பகுதி, பெயிண்ட்டின் பொறுப்பே இல்லை. உலகத்தில் உள்ள எந்தப் பெயிண்ட்டானாலும் டிராக்டர் இழுப்பில் இரண்டு மூன்று வாரம்தான். அங்கே பெயிண்ட்டுக்குச் செய்யும் செலவை மேட்டுக்குச் செய்யுங்கள்.

450 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 450 கிராம்) மேட் நாலு அடுக்கு. அகலம் 20, 17, 14, 11 சென்டிமீட்டர் என்று குறைந்துகொண்டே வரட்டும், விளிம்பு படிக்கட்டு மாதிரி நிற்காமல் சரிவாக முடியும். எட்டரை மீட்டர் நீளத்துக்கு மேட் சுமார் 2.4 கிலோ; ரெசின் அதைப்போல் இரண்டரை மடங்கு, 6 கிலோ. ஒரு அடுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் கொடுக்கும். ஐசோ வகை பாலியஸ்டர் ரெசின் கேட்டு வாங்குங்கள், சாதாரணப் பொதுப் பயன்பாட்டு ஜி.பி. ரெசின் தண்ணீரில் சீக்கிரம் தளரும். ஹார்டனர் கிலோ ரெசினுக்கு 10 முதல் 15 மில்லி. சித்திரை வெயிலில் 10 மில்லியே ஏராளம், ஆனால் அதற்குக் கீழே இறங்கினால் இறுகாமல் நிற்கும். ஒரு தடவைக்கு ஒரு கிலோவுக்கு மேல் கலக்காதீர்கள். வாளியில் நிற்கும் ரெசின் தன் சூட்டிலேயே கொதித்துப் புகையும். கலவை மிச்சத்தை ஓலைக் கொட்டகைப் பக்கம் வைக்காமல் ஈர மணலில் பரத்திக் கொட்டுங்கள்.

ரெசினின் இறுகலை முடுக்கும் கோபால்ட்டைத் தனியாக வாங்கினால் ஒரு விஷயம் உயிர்போகும் விஷயம். கோபால்ட்டை முதலில் ரெசினில் முழுசாகக் கலக்க வேண்டும், அதற்கப்புறம்தான் ஹார்டனர். இரண்டும் நேருக்கு நேர் சேர்ந்தால் வெடிக்கும். ஒரே ஸ்பூனை இரண்டுக்கும் போடுவது கூட ஆபத்து. ஹார்டனர் கண்ணில் தெறித்தால் பார்வை போகலாம். கண்ணாடி போட்டுக்கொண்டு, பக்கத்தில் ஒரு குடம் நல்ல தண்ணீர் வைத்துக்கொண்டுதான் டப்பாவைத் திறக்க வேண்டும்.

உடைந்த இடத்துக்கு ஒட்டு போடும்போது ஓட்டையைச் சுற்றிச் சரிவாகத் தேய்ப்பதுதான் பலம். தடிமனைப் போல் 12 மடங்கு அகலம்: 4 மில்லிமீட்டர் உடம்புக்கு எல்லாப் பக்கமும் 5 சென்டிமீட்டர் சரிவு. செங்குத்தாக வெட்டி மேலே மேட் ஒட்டினால் அது வெறும் பிளாஸ்திரி. இன்னொன்று: பாலியஸ்டர் ஒட்டின் மேல் எபாக்ஸி பிடிக்கும். எபாக்ஸி மேல் பாலியஸ்டர் ரெசின் சரியாக இறுகாது, பிடிக்கவும் பிடிக்காது. ஆகவே மேட் வேலை எல்லாம் முடிந்தபிறகே எபாக்ஸி டப்பாவைத் திறங்கள்.

காற்றும் நேரமும்

கிழக்குக் கரையில் பங்குனி, சித்திரை மாதம் இதற்கு நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகையில் கடலுக்குப் போகாத நாளாகப் பார்த்து அடிப்பது பழக்கம்தான், சும்மா நிற்கும் படகுக்கு ஏதாவது செய்யலாமே என்று. அந்த ஈரத்தில் அடித்தது தையில் கொப்புளமாகக் கணக்குக் கேட்கும். வைகாசிக்கு மேல், மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று கிளம்பினால் மணலை வாரி ஈரப் பெயிண்ட்டில் அறையும். அப்போது தார்ப்பாய் மறைப்பு இல்லாமல் மேல்கோட்டு அடிக்க முடியாது.

ஒரு நாளுக்குள்ளும் நேரம் இருக்கிறது. விடிகாலையில் படகு பனியில் நனைந்திருக்கும். ஏழரை மணிவாக்கில் காய்ந்துவிடும். மதியத்துக்கு மேல் கடல்காற்று உப்பைக் கொண்டுவரும். ஏழரையிலிருந்து பத்தரை வரைதான் உங்கள் நேரம். புறங்கையைப் படகில் ஐந்து விநாடி வைக்க முடியவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். அந்தச் சூட்டில் மேல்தோல் மட்டும் காய்ந்து, அடியில் மாட்டிக்கொண்ட தின்னர் ஊசிமுனை ஓட்டையாக வெளியே வரும். பத்தரைக்குள் முடித்த பியூவுக்கு மாலைப் பனி இறங்கும் முன் ஏழு மணி நேரம் கிடைக்கும். நாலு மணிக்கு அடித்தது மறுநாள் காலை பால் கலந்த மாதிரி மங்கி நிற்கும். பியூ ஹார்டனருக்கு ஈரம் ஆகாது, அதுதான் காரணம்.

எபாக்ஸி பிரைமருக்குக் கலந்தவுடன் அவசரம் வேண்டாம். 15 நிமிஷம், டப்பா 30 சொன்னால் 30, அப்படியே விட்டு மறுபடி கிளறி எடுங்கள். அதே சமயம் டப்பாவில் எழுதிய பயன்பாட்டு நேரம் 25 டிகிரிக்கு; 35 டிகிரியில் அது பாதியாகும். ஒரு லிட்டராகக் கலப்பதே புத்திசாலித்தனம். முதல் நாள் அடித்த எபாக்ஸியின் மேல் மறுநாள் விரலில் எண்ணெய்ப் பசை தட்டினால் அது அழுக்கில்லை, ஈரக் காற்றில் ஹார்டனர் கக்கிய உப்பு. தின்னருக்குக் கரையாது. நல்ல தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும் போட்டுக் கழுவிக் காயவிட்டு அடுத்த கோட்டு. இதைக் கவனிக்காமல் பியூ ஏற்றியதுதான் "எபாக்ஸியிலிருந்தே பியூ கழன்று வருகிறது" என்ற கேஸ்களில் பெரும்பான்மை.

பிரைமர் இரண்டாம் கோட்டுக்குப் பின் டப்பா சொல்லும் நேரத்துக்குள், பொதுவாக ஒரு நாளைக்குள், பியூ ஏற்றினால் இரண்டும் வேதியியலாகப் பிணையும். தாண்டிவிட்டால் 220 நம்பர் தாள் போட்டு முழுக்க மங்கலாக்கிவிட்டு அடிக்க வேண்டும். ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவில் நல்ல தண்ணீரில் பிழிந்த துணியால் ஒரு துடைப்பு. ராத்திரி படிந்த உப்பைக் கண்ணால் பார்க்க முடியாது, நாக்கு நுனியில் வைத்தால் கரிக்கும்.

பியூவை ஸ்பிரே கன்னில் அடிக்காதீர்கள். ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் புகையாக மூச்சில் போனால் ஆஸ்துமா மாதிரி வந்து நிரந்தரமாகத் தங்கும். மூக்கில் துண்டு கட்டுவது தூசிக்குக் கூடப் போதாது. ரோலரே போதும்: ஒருவர் நுரை ரோலரில் மெல்லிசாக உருட்டிக்கொண்டு முன்னால் போக, பின்னால் இன்னொருவர் நல்ல பிரஷ்ஷின் நுனியால் மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு. குமிழி உடைந்து மட்டமாகும். திரும்பப் போய்த் தடவக்கூடாது. ஒரு இடத்தில் கை நின்றால் அந்த இடம் வழியும். பெயிண்ட் வட்ட வட்டமாக விலகிக் குழி விட்டால் கீழே எண்ணெயோ சிலிக்கானோ இருக்கிறது; மேலே இன்னும் அடித்தால் இன்னும் குழி. நிறுத்தி, காயவிட்டு, தேய்த்து, துடைத்து, மறுபடி.

மேல்தளத்தில் கால் வழுக்காமல் இருக்க, ஈரமான எபாக்ஸி கோட்டின் மேல் சலித்துக் கழுவிக் காயவைத்த ஆற்று மணலைத் தூவி, மறுநாள் ஒட்டாததைப் பெருக்கிவிட்டு மேலே ஒரு கோட்டு. கடற்கரை மணல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்று அதை எடுத்தால் உப்பையும் சேர்த்துப் பூட்டிவிடுவீர்கள்.

பதிவெண்ணை ஸ்டிக்கரில் ஒட்டுவது வேண்டாம், கயிறு உரசி ஓரம் கிளம்பிவிடும். அதே பியூவில், பழைய அளவிலேயே அச்சுத்தாள் வைத்து எழுதுங்கள். தேய்ப்பதற்கு முன் எண்ணையும் அது இருந்த இடத்தையும் போட்டோ எடுத்து வைத்தால் போதும்.

மொத்த வேலைக்குப் பத்து நாள் பிடிக்கும். கழுவி, மெழுகு எடுத்து, பழையதைச் சுரண்டுவதற்கே நாலு நாள். மேட் வேலை, இறுகல் இரண்டு நாள். பிரைமர் இரண்டு, பியூ இரண்டு. பிறகும் ஒரு வாரம் மணலில் இழுக்காமல் விட்டால் நல்லது. தொட்டால் காய்ந்திருப்பதும் உள்ளே முழுசாக இறுகியிருப்பதும் வேறு.

கரையேறாத படகு

தண்ணீரிலேயே கிடக்கும் படகுக்கு நீர்மட்டத்துக்குக் கீழே பியூ வேண்டாம், எனாமல் கூடவே கூடாது. ஓயாத ஈரத்தில் எனாமல் இளகிக் கொப்புளிக்கும். எபாக்ஸி நாலைந்து கோட்டு, மேலே செம்பு கலந்த ஆண்டிஃபவுலிங் இரண்டு கோட்டு. ஆண்டிஃபவுலிங் கரைந்துகொண்டே இருப்பதுதான் அதன் வேலை. அது கரையும் வரைதான் கொட்டலசு (படகடியில் ஒட்டி வளரும் ஓட்டுயிர்) பிடிக்காது. கரையேறும் படகுக்கு இதை அடிப்பது வீண், மணல் ஒரு வாரத்தில் வழித்தெடுத்துவிடும். பழைய ஆண்டிஃபவுலிங்கை உலர்ந்த நிலையில் தேய்க்கவே கூடாது, தூசி விஷம். தண்ணீர் ஊற்றி வாட்டர் பேப்பரில் தேயுங்கள். ஒரு காலத்தில் வந்த தகரம் கலந்த வகைக்கு 2008 முதல் உலக அளவில் தடை இருக்கிறது; மூலையில் கிடக்கும் பழைய டப்பாவை எடுத்துத் திறக்காதீர்கள்.

மூன்றாம் வருஷம் பக்கவாட்டு பியூ மங்கியிருந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. கழுவி, தின்னர் துடைத்து, 320 தாளில் பட்டும் படாமலும் தேய்த்து ஒரே ஒரு கோட்டு. இரண்டரை லிட்டர் ஆகும். கீறல் எபாக்ஸி வரை போன இடத்தில் மட்டும் பிரைமர் தொட்டுக்கொள்ளுங்கள். பிளேடால் பெருக்கல் குறி கீறி, டேப் ஒட்டிச் சுரீரென்று இழுத்துப் பார்த்தால் பழையது தாங்குமா என்று தெரிந்துவிடும். டேப்போடு கீறலின் ஓரம் உரிந்து வந்தால் அந்தப் பக்கத்தை முழுக்க எடுங்கள்.

தொட்டு அடிப்பதற்காக மிச்சப் பெயிண்ட்டை எடுத்து வைப்பவர்கள் ஹார்டனர் டப்பாவை மறந்துவிடுகிறார்கள். ஒரு தடவை திறந்த பியூ ஹார்டனர் காற்றின் ஈரத்தைக் குடித்து, சில வாரத்தில் மங்கி, பிறகு கூழாகிவிடும். பெயிண்ட் டப்பா வருஷக்கணக்கில் இருக்கும், ஹார்டனர் இருக்காது. 4 லிட்டர் செட் ஒன்று வாங்குவதற்குப் பதில் 1 லிட்டர் செட்டாக வாங்கினால் விலை கொஞ்சம் கூடும், ஆனால் திறக்காத ஒரு செட் அடுத்த வருஷத் தொட்டடிப்புக்கு உயிரோடு இருக்கும்.